கடிகாரம் வட்டமாகத் தெரிந்தால் மட்டும்

தேங்காய்ப்பட்டணம்
12.9.2011

அன்பு மகன் சிஜோவுக்கு அம்மா எழுதுவது. நான் நலம், நலம் என்றால் மூன்று வேளையும் சாப்பிடுகிறேன், உறங்குகிறேன், கால் வீக்கம் வடிந்துவிட்டது. மஸ்கட்டில் நீயும் டெல்சியும் பிள்ளை ஜெமியும் சுகமாயிருக்க ஜெபமாலையில் தினமும் உங்களை நினைக்கிறேன். போனில் சொல்லத் தொடங்கினால் நீ இடையில் பேசுவாய், அதனால் எழுதுகிறேன், முழுவதும் வாசித்துவிட்டு அப்புறம் கூப்பிடு.

அப்பாவின் நாற்பத்தொன்றாம் நாள் பூசை குறையில்லாமல் நடந்தது. நீ அங்கிருந்தபடியே இன்டர்நெட் வழியாக நம் வீட்டுக் கம்ப்யூட்டருக்குள் வந்து சரிசெய்து வைத்த படத்தை நான் திறந்து பார்க்காமலே பென்டிரைவில் கொண்டுபோய் நினைவு அட்டை அடிக்க ஸ்டுடியோ மரியானிடம் கொடுத்திருந்தேன். அட்டை வந்ததும் எழுத்துப்பிழை உண்டா என்று மட்டும் பார்த்தேன், பிழை இல்லை. முகத்தைப் பார்க்கவில்லை. கோயில் வாசலில் உன் அத்தை குளோரி அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டு, மைனி, அண்ணன் கடைசியில கெடந்தது அப்பிடியே இருக்கே, இத எப்பம் எடுத்திய என்று சத்தமாக அழுதாள். எடுக்கவே இல்லை என்றேன். பிறகுதான் பார்த்தேன். கன்னம் ஒட்டி, தாடை நீண்டு, கடைசி இரண்டு மாதம் கட்டிலில் கிடந்த முகம். எனக்கு அழுகை வரவில்லை, வரிசையில் நின்றவர்களுக்கு மீதி அட்டைகளைக் கொடுத்து முடித்தேன்.

மறுநாள் மரியானிடம் கேட்டேன், கொஞ்சம் கடுமையாகத்தான். டீச்சரே, பிரிண்டுக்க குத்தம் இல்ல, பொறத்த மாட்டியிருக்க கிளாக்கப் பாருங்க, கோழிமுட்ட மாதிரி இல்லியா இருக்கு என்றான். ஜெமியின் ஞானஸ்நானத்தன்று நம் ஹாலில் வட்டக் கடிகாரத்தின் கீழே எடுத்த படம் அல்லவா. நம் திரை அகலம் குறைந்த பழைய திரை, உன் லேப்டாப் அகலமானது, நீ இணைத்தபோது எல்லாம் பக்கவாட்டில் இழுபட்டு உன் திரையை நிரப்பியிருக்கிறது. அப்பா முகம் அகலமாகத் தெரிய, நீ படத்தையே பக்கவாட்டில் நெருக்கிவிட்டாய். சரியாய் இருந்ததைத்தான் திருத்தினாய். உங்க மொவன் அவனுக்க கண்ணாடியப் போட்டு உங்களுக்க கடுதாசிய வாசிச்சிருக்கான் என்று மரியான் சிரித்தான். நான் சிரிக்கவில்லை.

கல்லறைக் கல்லுக்கும் நீயே படத்தைச் சரிசெய்து தருவதாகச் சொன்னாய். நாகர்கோவிலில் அதைப் பீங்கானில் சுட்டுத் தருகிறார்கள், சுட்டபின் மாற்ற முடியாது, கல்லறைத் திருநாளுக்கு முன் பதித்தாக வேண்டும். அதனால் இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்வரை கம்ப்யூட்டரை நான் போடப் போவதில்லை. இணைத்ததும் திரையை நிரப்பிக் காட்டுவதை எடுத்துவிட்டு உள்ள அளவில் காட்டும்படி வை, முழுவதும் தெரியாவிட்டால் நகர்த்திப் பார். நம் திரையின் ரெசொல்யூஷன் 1024, 768, அதை மாற்றாதே, போன முறை நீ மாற்றிவிட்டுப் போனபின் ஒரு வாரம் பூதக்கண்ணாடி வைத்து வாசித்தேன். பிறகு பழைய படத்தைத் திற. கடிகாரம் வட்டமாகத் தெரிந்தால் மட்டும் அப்பா முகத்தில் கை வை.

உன் பாஸ்போர்ட்டைக் கம்பெனி வாங்கி வைத்திருந்ததால் அடக்கத்துக்குக்கூட உன்னால் வர முடியவில்லை, அதற்காக உன்னை நான் குறை சொன்னதில்லை. படுக்கையில் கிடந்தபோது அப்பா கேமராவைக் கிட்டே கொண்டுவர விடவில்லை, அந்த நாட்களுக்கு வேறு படம் கிடையாது. இதனுடன் ஓர் அட்டை வைத்திருக்கிறேன். கல்லுக்கு அந்தப் பழைய முகம், இது உனக்கு. ஜெமிக்குக் காட்ட வேண்டாம், அவளுக்கு ஹாலில் நின்ற தாத்தா போதும்.

மாதாவின் காவல் உங்கள் மூன்று பேர் மேலும் இருக்கட்டும். வெயிலில் வெறும் வயிற்றோடு வேலைக்குப் போகாதே. அட்டையில் இருப்பதை ஸ்கேன் செய்து திருத்தாதே, அது அப்படியே இருக்கட்டும்.

உன் அம்மா
ராகேல் ததேயுஸ்