நான் கேட்காமல் விட்ட மேய்ச்சல் தரை

மாமி,

என் சட்டையில் பட்டிப் புகை ஏறிவிட்டது. மாடுகளை நுளம்பு கடிக்காமலிருக்கக் காய்ந்த சாணியும் வேப்பிலையும் போட்டு மூட்டுவீர்களே, அந்தப் புகைதான். மூன்று முறை சவர்க்காரம் போட்டுத் தோய்த்தும் போகவில்லை. இன்று காலை நெடுங்கேணியிலிருந்து வவுனியா போன பஸ்ஸில் சனம் தொங்கிக்கொண்டு வந்தது. எனக்குப் பக்கத்து இருக்கை மட்டும் காலி. ஒரு பெண் வந்து இருந்தாள், மூக்கைச் சுளித்தாள், எழும்பிப் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். ஐம்பத்தாறு வயதில் ஒரு பெண் என் பக்கத்தில் அரை நிமிடம் இருந்ததே பெரிய காரியம் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். பிறகு யன்னல் பக்கம் திரும்பி, ஒருவரும் பார்க்காத நேரம் சட்டைக் கையை மூக்கோடு வைத்து மணந்தேன். உங்கள் சேலை மணம். நீங்கள் போய் எட்டு மாதமாகிறது.

உங்கள் மகள் சுபாவைப் பெண் பார்க்க நான் முதன்முதல் உங்கள் வளவுக்கு வந்த நாளை நீங்கள் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்திருக்கிறீர்கள். யாழ்ப்பாணத்தில் பால் போத்தலைத் தவிர மாட்டோடு எந்தத் தொடர்பும் இல்லாத மாப்பிள்ளை நான். படலையைத் திறந்ததும் ஒரு பசு வந்து என் வேட்டியை மணந்தது. அடுத்த கணம் நான் கிணற்றுக் கட்டின் மேல் நின்றேன். நீங்கள் குசினியிலிருந்து வந்து, “தம்பி, இறங்குங்கோ. அது உங்களை விடப் பயந்த சாமான்” என்றீர்கள். சுபா உள்ளே நின்று சிரித்த சத்தம் கேட்டது. அன்றே எனக்கு விளங்கிவிட்டது: என்னைக் கட்டி வைத்தால் இந்த வீட்டில் ஒரு பகிடிக்கார மாடு கூடும், அவ்வளவுதான்.

பள்ளிக்கூடத்தில் நீங்கள் அதிபர். பிரம்பு வைத்திருந்ததில்லை. பொய் சொல்லும் பிள்ளையை அருகில் கூப்பிட்டு விவரம் கேட்பீர்கள். செத்தவீட்டுக்குப் போனதால் வரவில்லை என்று ஒருவன் சொன்னானாம். “ஆரடா செத்தது?” பெரியம்மா. “எந்த ஊரில?” ஜெயபுரத்தில். “கன தூரம் போயிருக்கிறாய். நல்லாச் சாப்பிட்டனியோ?” ஓம், கோழிக்கறி. செத்தவீட்டில் கோழிக்கறியோ என்று நீங்கள் கேட்கவேண்டியே இருக்கவில்லையாம். கோழிக்கறி என்ற சொல் தன் வாயிலிருந்துதான் வந்ததென்று விளங்கி அவனாகவே அழத் தொடங்கினானாம். இன்று அவன் பெரிய கந்தோரில் பெரிய கதிரையில் இருக்கிறான். உங்களைக் கண்டால் எழும்பித்தான் நிற்பான். உங்களிடம் படித்த அத்தனை பேரும் அப்படித்தான். காலை ஏழு மணிக்கு முன்பள்ளிப் பிள்ளைகளுக்கு உங்கள் வீட்டுப் பால் காய்ச்சிப் போகும். புருசனை இழந்த பெண் ஊரில் இருந்தால், கன்றோடு ஒரு பசு அவள் வளவில் கட்டப்பட்டிருக்கும். “ரீச்சர் மாடு குடுத்தே ஊர்ச் சங்கத் தலைவியா வந்திட்டா” என்று கதைத்தவர்களும் உண்டு. அந்தக் கதையைச் சுடச்சுட உங்களிடம் கொண்டுவந்து சேர்த்தவன் நான்தான். “கதைக்கட்டும். கதைக்கிறவையும் பால் தேத்தண்ணிதானே குடிக்கினம்” என்றீர்கள்.

சண்டையின் கடைசி இடப்பெயர்வில் பட்டியைத் திறந்து, கழுத்துக் கயிறுகளை ஒவ்வொன்றாக அறுத்துவிட்டீர்கள். திரும்பி வந்தபோது உங்கள் குறி சுட்ட மாடுகள் ஏழுதான் காட்டில் அகப்பட்டன. அந்த ஏழு மாடுகளை நாற்பத்துமூன்றாக்கினீர்கள். எண்ணிக்கை கூடக்கூட மேய இடம் குறைந்தது. ஒவ்வொரு வருடமும் பெரும்போக நெல் விதைப்புக்கு முன் பொதுநோக்கு மண்டபத்தில் கூட்டம் நடக்கும். எந்தத் திகதிக்குள் மாடுகளை வயல் பக்கமிருந்து அகற்றவேண்டும் என்று அங்கே முடிவெடுப்பார்கள். எங்கே கொண்டுபோவது என்பதை மட்டும் முடிவெடுக்கமாட்டார்கள். அதை எழும்பி நின்று கேட்கும் ஒரே ஆள் நீங்கள்.

போன வருடம் உங்களுக்கு எழும்ப முடியவில்லை. கட்டிலில் இருந்தபடி ஒரு தாளில் எழுதி என் சட்டைப் பையில் வைத்தீர்கள். “குளத்துக்கு அங்கால கிடக்கிற தரவையை மாடுகள் மேயப் பட்டிகளுக்கு ஒதுக்கச் சொல்லுங்கோ. வேற ஒண்டும் வேண்டாம். நீங்கள் கதைச்சா சனம் கேக்கும்.”

சனம் கேட்டது, மாமி. சங்கக்கடை மனேச்சர் நான் எழும்பினால் பகிடி வரும் என்று எல்லோருக்கும் தெரியும். முன்வரிசையில் சின்னராசா அண்ணை இருந்தார். முந்தின போகம் எங்கள் மாடுகள் அவருடைய வயலில்தான் இறங்கின. அவர் என்னை முறைத்துப் பார்த்தார். “எங்கட மாமியின்ர மாடுகள் படிச்ச மாடுகள், வரம்பாலதான் நடக்கும். அண்ணையின்ர வயலில வரம்பைக் காணேல்லை, அதுதான் பிழைச்சுப்போச்சு” என்றேன். மண்டபம் குலுங்கியது. சின்னராசா அண்ணையே சிரித்தார். கூட்டம் நடத்த வந்த அதிகாரி கண்ணைத் துடைத்தார். அந்தச் சிரிப்போடேயே நான் கதிரையில் இருந்துவிட்டேன். சிரிப்பு அடங்கியபோது அவர்கள் அடுத்த விடயத்துக்குப் போயிருந்தார்கள். தாள் பைக்குள்ளேயே இருந்தது. மறந்துபோனேன் என்று இவ்வளவு நாளும் எனக்கு நானே சொல்லிவந்தேன். மறக்கவில்லை. சிரித்த முகங்கள் திரும்பக் கறுக்கும் என்று பயந்தேன்.

வீட்டுக்கு வந்ததும், “என்ன சொன்னவை?” என்று கேட்டீர்கள்.

“தாறமெண்டவை, மாமி.”

“ஆர் சொன்னது?”

“பெரிய அதிகாரிதான்.”

“எந்த இடம்?”

“நீங்கள் எழுதின அதே இடம்.”

அடுத்த கேள்வி உங்கள் வாய்வரை வந்தது. கண்டேன். அதை விழுங்கிவிட்டு, “அப்ப சரி. கையைக் கழுவிப்போட்டுச் சாப்பிடுங்கோ, தம்பி” என்றீர்கள். தப்பிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு இரண்டு முறை சோறு போட்டுத் தின்றேன்.

உங்கள் முப்பத்தோராம் நாள் சாப்பாடு முடிந்து ஆட்கள் போன பிறகு, உங்கள் பட்டியை முப்பது வருடம் பார்த்த கணபதியண்ணை என் பக்கத்தில் வந்து குந்தினார். நான் ஏதோ பகிடி விட்டேன். அவர் சிரிக்கவில்லை.

“அம்மாவுக்கு அண்டைக்கே தெரியும், தம்பி. பால் எடுக்க வந்தவர் கூட்டத்தில நடந்ததைச் சொல்லிப்போட்டார். நீங்கள் சைக்கிளை நிப்பாட்ட முதலே.”

“அப்ப ஏன் என்னை ஏசேல்லை?”

“நானும் கேட்டனான். ‘அவரில பிழையில்லை, கணபதி. நான்தான் ஆள் பிழைச்சு அனுப்பிப்போட்டன்’ எண்டவா.”

ஊர்க்கதை முழுவதையும் காவித் திரிந்த எனக்கு, என்னைப் பற்றிய கதை மட்டும் கடைசியாக வந்து சேர்ந்தது. நீங்கள் ஏசியிருந்தால் அதையும் ஒரு பகிடியாக்கி நாலு பேருக்குச் சொல்லித் தப்பியிருப்பேன். இதை என்ன செய்வது?

இந்த வருடக் கூட்டம் போன கிழமை நடந்தது. நான் எழும்பியதும், வாயைத் திறக்க முதலே சனம் சிரித்தது. “தொடங்கீற்றுது!” என்று பின்னால் ஒருவர் சொன்னார். உங்கள் தாளை எடுத்து வாசித்தேன். முதல் வரிக்கும் சிரித்தார்கள். இரண்டாவது வரியில் யாரோ இருமினார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. முழங்கால் இரண்டும் ஆடின.

அதிகாரி தாளை வாங்கி ஆறுதலாகப் பார்த்தார். “இந்தத் துண்டோ? இது இந்த வருசம் பயிர் செய்யப் பிரிச்சுக் குடுத்தாச்சே, அண்ணை.”

வெளியே வரும்போது சின்னராசா அண்ணை என் தோளைத் தொட்டார். “ஐசே, இதைப் போன வருசம் கேட்டிருக்கலாமே. அது சும்மாதானே கிடந்தது. ரீச்சருக்கெண்டா நானும் கை உயர்த்தியிருப்பன்.”

அவர் கோபத்தில் சொல்லவில்லை. அதுதான் தாங்கமுடியவில்லை.

சுபாவிடம் அன்று பின்னேரமே எல்லாவற்றையும் சொன்னேன். போன வருடம் நான் கேட்காததையும், உங்களிடம் சொன்ன பொய்யையும். அவள் கன்று கட்டிக்கொண்டிருந்தாள். முடிச்சைப் போட்டு முடித்தாள். “அம்மா சாகும்வரைக்கும் அந்தத் தரவையைப் பற்றி ஒரு சொல் சொல்லேல்லை. அவ மறந்திட்டா எண்டு நான் நினைச்சன்” என்றாள். அதற்குப் பிறகு அவள் என்னோடு கதைப்பது தேவைக்கு மட்டும்தான்.

நாற்பத்துமூன்றையும் வைத்திருக்க இடமில்லை. இன்று வவுனியாவுக்குப் போனது அதற்காகத்தான். இருபத்தைந்தை வாங்க ஒருவர் சம்மதித்தார். எங்கே கொண்டுபோவார், எத்தனை ஏக்கர், தண்ணீர் உண்டா என்று மூன்று கேள்வி கேட்டேன். வளர்க்கத்தானா, வெட்டவா என்ற நாலாவது கேள்வியைக் கேட்கவில்லை. பதில் தெரிந்த நாலாவது கேள்வியை நீங்கள் அன்று ஏன் விழுங்கினீர்கள் என்பது அந்த இடத்தில் நின்றபோது கொஞ்சம் விளங்கியது, மாமி. விளங்கியதும் திரும்பிப் போய், நாலாவதையும் கேட்டேன். அவர் வேறெங்கோ பார்த்தார். பேரத்தை முறித்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

ஆகவே நாற்பத்துமூன்றும் இன்னும் நிற்கின்றன. அகற்றும் திகதிக்கு ஒன்பது நாள் இருக்கிறது. கணபதியண்ணைக்கு முழங்கால் வருத்தம். காட்டோரமாக இரண்டு நாள் நடந்து மாடுகளைத் தூரத்து மேய்ச்சலுக்குக் கொண்டுபோக இந்த முறை நானும் போகவேண்டும். பசுவுக்குப் பயந்து கிணற்றுக் கட்டில் ஏறியவன் போகிறான் என்று ஊர் சிரிக்கிறது. சிரிக்கட்டும். எத்தனை மாடு திரும்பி வரும் என்று தெரியாது. வேறு எங்கே தரிசு கிடக்கிறது என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன். அடுத்த கூட்டத்தில் கேட்கவேண்டும். அன்று மண்டபத்தில் வந்த நடுக்கம் இன்னும் என் கால்களை விட்டுப் போகவில்லை. போகச்சொல்லி நானும் கேட்கவில்லை. அது காலில் இருக்கும்வரைக்கும் நானும் எழும்பி நின்று கேட்பேன் போலிருக்கிறது.