பூசணம் பிடித்த தேநீர்

பாய்,

இன்று வெள்ளிக்கிழமை. சாப்பாடு முடிந்ததும் மண்பானையின் வாயில் கட்டியிருந்த துணியை அவிழ்த்தேன். கடைசித் தேயிலை வட்டு, அதிலும் பாதிதான் மிச்சம். ஸ்க்ரூடிரைவர் முனையை ஓரத்தில் சொருகி நெம்பியதும் ஒரு வாசனை எழும்பியது பார், நீ போன பிறகு ஏழு வெள்ளிக்கிழமையாக நான் தள்ளிப்போட்டது எல்லாம் அதோடு சேர்ந்து வந்துவிட்டது. எதிர் நாற்காலி காலி. "இன்னா தோஸ்த், தண்ணி கொதிச்சுதா இல்லியா?" என்று அவசரப்படுத்த ஆள் இல்லை. ஒண்டியாகக் குடிக்கப் பிடிக்காமல் அடுப்பை அணைத்துவிட்டு உனக்கு எழுத உட்கார்ந்தேன். நீ படிக்கமாட்டாய் என்று தெரியும். இருந்தபோதே நான் அனுப்பிய மெசேஜ் எதையும் நீ முழுசாகப் படித்தவன் இல்லை.

இந்தத் தேயிலை நம்மிடம் வந்த கதையை நீ ஆம்பூர் முழுக்கச் சொல்லி என் மானத்தை வாங்கினாய். நானே ஒரு தரம் ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன். நம் தோல் டேனரியில் ஸ்ப்ரே மெஷின் மாட்ட வந்த சீனாக்காரர், வேலை முடிந்து ஊருக்குப் போகிற அன்று கெமிக்கல் ஸ்டோரில் என் மேஜைமேல் நாலு காகிதப் பொட்டலம் வைத்துவிட்டுப் போயிருந்தார். நான் அன்று லீவு. மறுநாள் பிரித்தால், அடை மாதிரி தட்டையாக, கருகருவென்று நாலு வட்டு. காகிதம் பூராவும் சீன எழுத்து. வாழ்நாளெல்லாம் கெமிக்கல் ஸ்டோர் பார்த்தவனுக்கு வேறென்ன தோன்றும்? தோலைப் பதப்படுத்துகிற மரப்பட்டைச் சத்து, சாம்பிள் பார்க்கக் கொடுத்திருக்கிறார் என்று நினைத்தேன். ஒரு துண்டை உடைத்து வெந்நீரில் கரைத்து, ஆட்டுத்தோல் துண்டு ஒன்றை அதில் ஊறப்போட்டு, ஜாடிமேல் லேபிளும் ஒட்டிவிட்டேன்.

நீ உள்ளே வந்தாய். ஜாடிமேல் குனிந்தாய். அப்புறம் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

"யோவ், இது மருந்து இல்லய்யா. வாய்ல போடற சாமான். எல வாசன வருது."

"உனக்கு இன்னா தெரியும் கெமிக்கலப் பத்தி?" என்று நான் எகிறினேன். நீ என் போனை எடுத்து அந்தக் காகிதத்தைப் படம் பிடித்து சீனாக்காரருக்கு அனுப்பவைத்தாய். அவரிடமிருந்து சிரிக்கிற பொம்மைகள் ஒரு வரிசை வந்தன. பின்னாலேயே ஒரு வீடியோ. பழைய தேயிலையாம். அழுத்திப் புளிக்கவைத்து வருடக்கணக்கில் வைத்திருந்து குடிப்பார்களாம், வைக்க வைக்க ருசி கூடுமாம். வெயில் படக்கூடாது, ஈரம் ஆகாது, வேறு வாசனை எதுவும் பக்கத்தில் இருக்கக்கூடாது. தோல் ஊரில் வாசனை இல்லாத இடத்துக்கு எங்கே போவது? உன் வீட்டில் மசாலாவும் அத்தரும். கடைசியில் ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த என் வீட்டு மண்பானைதான் அதற்கு வாய்த்தது.

நம் டேனரிக்கு வெள்ளிக்கிழமை லீவு. ஜும்மா தொழுகை முடித்து, பிரியாணியும் கத்திரிக்காயும் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு நீ டிவிஎஸ்ஸில் வந்து இறங்குவாய். ஸ்டோரிலிருந்து புதுசாக எடுத்துவந்த கண்ணாடி பீக்கர்தான் நமக்குக் கெட்டில். முதல் தண்ணீரை ஊற்றியதும் உடனே கொட்டிவிட வேண்டும் என்று வீடியோவில் சொன்னதை என்னால் தாங்கவே முடியவில்லை. "சாயம் பூரா போவுது பாய்!" என்று கத்தினேன். "தோல ஊறப்போட்டா முதல் தண்ணி கொட்டல? அதுமாரிதான்" என்றாய். இரண்டாம் தண்ணீர் கருஞ்சிவப்பாக, வடிகஞ்சிபோலக் கனமாக இறங்கியது. எனக்கு மண் தின்ற மாதிரி இருந்தது. நீ கண்ணை மூடிக்கொண்டு, "மழ நின்னப்பறம் மரப்பெட்டியத் தொறந்தா வர்ற வாசன. அடியில கற்பூரம் இருக்குது. கொஞ்சூண்டு" என்றாய். ஒரே இலையில் எட்டு, ஒன்பது தண்ணீர் வரும். நீ ஒவ்வொன்றுக்கும் ஒரு வாசனை சொல்வாய். நான் "சூடா இருக்குது" என்பேன். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாய்.

உன் மூக்கு அப்படி. அதுதான் உன் சோறு, அதுதான் உன் பேர். உப்புத் தோல் லாரி வந்து நின்றால், நீ ஒவ்வொரு தோலாகத் தூக்கி வயிற்றுப் பக்கத்தை முகர்ந்து, நல்லது இந்தப் பக்கம், கழிவு அந்தப் பக்கம் என்று வீசுவாய். அழுகல் கண்ணுக்குத் தெரிவதற்கு இரண்டு நாள் முன்னாலேயே உனக்குத் தெரிந்துவிடும். "ராத்திரி உரிச்சிட்டு காலைலதான் உப்பு போட்ருக்கான்" என்பாய். வியாபாரி தலையைச் சொறிவான். வாதாடியவன் ஒருத்தன் இல்லை. பாய் மூக்கு சொல்லிவிட்டால் சொன்னதுதான்.

கொரோனா இரண்டாம் அலையில் நீ படுத்தாய். பிழைத்து வந்தாய். எல்லோரும் கேட்ட முதல் கேள்வி, "மூக்கு வேல செய்யுதா பாய்?" என்பதுதான். "ஜோரா செய்யுது" என்றாய். நானும் நம்பினேன்.

ரொம்ப நாள் கழித்து நீ என் வீட்டுக்கு வந்த வெள்ளிக்கிழமையை இப்போது நினைத்தாலும் எனக்குக் குமட்டுகிறது. அந்த மழையில் சுவர் ஓதம் காத்துப் பானைக்குள் ஈரம் இறங்கியிருந்தது. நான் பார்க்கவில்லை. வட்டின் மேல்பக்கம் நன்றாகத்தான் இருந்தது. உடைத்துப் போட்டுத் தண்ணீர் ஊற்றியபோதுதான் நனைந்த சாக்கு நாற்றம் குப்பென்று அடித்தது. உள்ளே பூசணம். கொட்டிவிடலாம் என்று நான் கையை நீட்டுவதற்குள் நீ கிளாஸை எடுத்துவிட்டாய். ஒரு வாய் குடித்தாய். எப்போதும்போலக் கண்ணை மூடினாய்.

"ஆஹா. நல்லா பழுத்திருக்குது தோஸ்த்."

கிண்டல் என்று நினைத்து உன் முகத்தைப் பார்த்தேன். கிண்டல் இல்லை. அப்புறம் நான் என்ன செய்தேன் தெரியுமா, என் கிளாஸை எடுத்து நானும் குடித்தேன். மூன்று தண்ணீர் குடித்தோம். மறுநாள் பூராவும் வயிறு கலங்கிக் கிடந்தேன்.

உன்மேல் எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. ஊருக்குப் பொய் சொல், என்னிடமுமா? ஆனால் வாயைத் திறந்து கேட்கவில்லை. தெரியாத மாதிரி இருப்பதுதான் தோஸ்தி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வேலை இருக்கிற சாக்கில் லாரி நிற்கும் இடத்துக்கு வந்து உன்னைக் கவனித்தேன். தோலை முன்போலவே மூக்குக்குத் தூக்கினாய். ஆனால் உன் கட்டைவிரல் வயிற்றோரத்து முடியைப் பிடித்து இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தது. அழுகத் தொடங்கினால் முடி கழன்று வரும். விரலை வைத்து மூக்கு வேலையைச் செய்துகொண்டிருந்தாய். சந்தேகம் வந்தால் கழித்துவிட்டாய். கழிக்கிற பக்கம் நாளுக்கு நாள் உயர்ந்துகொண்டே போனது. மூன்று வாரம் நான் சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன், பாய். மூன்று வாரம்.

அப்புறம் அந்தக் குடியாத்தம் பக்கத்து வியாபாரி வந்தான். சின்ன ஆள். ஒரே ஒரு மினி லாரித் தோல். நீ பாதிக்கு மேல் கழித்து, "முழுசும் எடுத்துட்டுப் போ" என்றாய். பாய் மூக்கு சொல்லிவிட்டது, பேசி என்ன ஆகும் என்று குனிந்து ஒவ்வொன்றாகத் திரும்ப ஏற்ற ஆரம்பித்தான். நான் போய் ஒரு தோலைத் தூக்கி முகர்ந்தேன். அம்மோனியா ஏறி மரத்துப்போன என் மூக்குக்கே தெரிந்தது, நல்ல உப்பு வாசனை. இன்னொன்றும் அப்படியே. உன் கையைப் பிடித்து கேட் பக்கம் டீக்கடைக்கு இழுத்துப்போனேன்.

"அது நல்ல தோலு பாய்."

நீ என்னையே பார்த்தாய். "எவ்ளோ நாளா தெரியும்?"

"அந்த வெள்ளிக்கிழமைலருந்து."

"இன்னா வாசன வந்துச்சு அன்னிக்கு?"

"நனஞ்ச சாக்கு. பூசணம் புடிச்சிருந்துச்சு."

"நீயும் குடிச்சியேய்யா!"

"குடிச்சேன்."

நீ சிரிக்க ஆரம்பித்தாய். டீக்கடைக்காரர் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தாய். சிரிப்பு எங்கே நின்றது, அழுகை எங்கே ஆரம்பித்தது என்று எனக்குத் தெரியவில்லை. கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துவிட்டு, "குடிச்சது தோஸ்திக்கு. சரி. ஆனா சொல்லிருக்கணும். எத்தன பேர திருப்பி அனுப்பிருப்பேன்?" என்றாய்.

நேராக லாரிக்குப் போனாய். லோடுமேன்கள், அந்த வியாபாரி, மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த முதலாளி, அத்தனை பேர் காதிலும் விழுகிற மாதிரி, "எறக்கு. தோலு நல்லா இருக்குது. எனக்குத்தான் மூக்கு போயிடுச்சி" என்றாய். யாரும் அசையவில்லை. "கொரோனால போச்சு. பொய் சொல்லிட்டேன். எறக்குய்யா" என்று நீயே ஒரு தோலைத் தூக்கிக் கீழே வைத்தாய். நான் ஸ்டோருக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அந்த இடத்தில் நின்று அப்படிச் சொல்ல எனக்குத் தைரியம் வராது.

முதலாளி உன்னை அனுப்பிவிடவில்லை. பேக்கிங்கில் உட்காரவைத்தார். நீ அதைப் பற்றி என்னிடம் ஒருநாள்கூடப் பேஜாராகப் பேசியதில்லை. வெள்ளிக்கிழமை தேநீரையும் விடவில்லை. எனக்கு வாசனை எடுத்துச் சொல்லும் உத்தியோகம் வந்தது. "மண்ணு வாசன" என்றால், "இன்னா மண்ணு? காஞ்சதா, ஈரமா? ஏரி மண்ணா?" என்று போலீஸ் மாதிரி கேட்பாய். நான் திணறித் திணறிச் சொல்வேன். நீ நாக்கில் இருக்கிற கனத்தையும் தொண்டையில் இறங்குகிற இனிப்பையும் வைத்து மீதியைக் கண்டுபிடிப்பாய். "நல்லா இல்லன்னா நல்லா இல்லன்னு சொல்லு. இனிமே நமக்குள்ள அதான் பேச்சு" என்று சொல்லியிருந்தாய். நானும் அப்படியே இருந்தேன்.

போன வருடம் மாடி ஏறினால் மூச்சு வாங்கியது உனக்கு. வேலூரில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். டாக்டர் உன் மாப்பிள்ளையையும் என்னையும் வராந்தாவுக்குக் கூப்பிட்டு, இதயம் ரொம்பப் பலவீனம், வீட்டுக்கு அழைத்துப்போய் நிம்மதியாக வைத்திருங்கள் என்றார். உன் வீட்டம்மா, நம் பாபி, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். "அவருக்குத் தெரியக் கூடாதுண்ணா. தெரிஞ்சா அன்னிக்கே உட்டுடுவாரு. நீங்க சொல்ல மாட்டேன்னு சொல்லுங்க" என்றார். சொல்ல மாட்டேன் என்று சொன்னேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை பீக்கரையும் தேயிலையையும் எடுத்துக்கொண்டு உன் வீட்டுக்கு வந்தேன். தலையணையைச் சாய்த்து உட்காரவைத்திருந்தார்கள். இரண்டாம் தண்ணீரை ஊற்றும்போது நீ கிளாஸை வாங்காமல் என் மணிக்கட்டைப் பிடித்தாய்.

"டாக்டரு சொல்ல மாட்றான். மாப்ள என் மூஞ்சியப் பாக்க மாட்றாரு. அன்னிக்கு சொல்லாம குடிச்ச பாரு, அதுமாரி இன்னிக்கும் பண்ணாத. நான் தேறுவனா?"

சமையலறையில் பாபி பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. நான் கொடுத்த வாக்கு அங்கே நின்றுகொண்டிருந்தது. உன் பிடி தளரவில்லை.

"கஷ்டம்தான் பாய்," என்றேன். "ரொம்ப நாள் இல்லன்னு சொல்லிட்டாங்க."

என் கையை விட்டாய். கிளாஸை வாங்கி நிதானமாகக் குடித்தாய். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாய்: "எனக்குத் தெரியும்னு அவகிட்ட சொல்லிடாத. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சிக்கினுதான் அவ தைரியமா இருக்கா. அவளுக்கு அதாவது இருக்கட்டும்."

பாபி கஞ்சியோடு உள்ளே வந்தார். "ரம்ஜானுக்குள்ள எழுந்து மசூதிக்கு நடந்தே போயிடுவேன் பாரு" என்றாய் அவரிடம். என்ன ஒரு நடிப்பு! எனக்கே ஒரு நிமிஷம் நம்பிக்கை வந்துவிட்டது. பாபி சிரித்தார். அதற்குப் பிறகு அவர் சிரித்து நான் பார்க்கவில்லை.

போன வாரம் உன் நாற்பதாம் நாள். எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகு நான் உட்கார்ந்தேன். பாபி தாள்சா ஊற்றினார். முகம் பாதியாகிப் போயிருந்தது.

"ஒண்ணு மட்டும் அல்லா நல்லது செஞ்சான்ணா" என்றார். "கடைசி வரிக்கும் அவருக்குத் தெரியாமயே போச்சு. நீங்க வாயத் தொறக்காம இருந்தீங்க. அத நான் உயிர் இருக்கற வரிக்கும் மறக்க மாட்டேன்."

உனக்குச் சொன்ன உண்மை நாக்குவரை வந்தது. அதன்மேல் நீ சொன்ன வார்த்தை வந்து உட்கார்ந்தது.

"ஆமா பாபி," என்றேன். "அவனுக்குத் தெரியாது."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொரு கரண்டி ஊற்றினார். நான் குனிந்து எல்லாவற்றையும் சாப்பிட்டேன், பாய்.