மீசையோடு ஒரு படம்

மார்ச் 3, 2015
என் கணவரின் படத்தைத் தர நான் மறுத்துவிட்டேன் என்று ரொட்டிக்கடையில் பேசிக்கொள்கிறார்களாம். ராணுவ நீதிமன்றம் அவரைத் தண்டித்ததில் எனக்கு வெட்கமாம். தவறு. படம் கொடுத்தேன். சதுக்கத்தில் கொரியப் போர் வீரர்களுக்கு நினைவுச்சுவர் எழுப்பும் குழுதான் அதைத் திருப்பி அனுப்பியது.

நான் கொடுத்தது, என் எலாடியோ 1961-இல் எங்கள் காப்பித் தோட்டத்தில் நிற்கிற படம். வெள்ளைச் சட்டை, அடர்ந்த மீசை. அவர்களுக்குச் சீருடைப் படம்தான் வேண்டுமாம். அப்படி ஒன்றே ஒன்று இருக்கிறது. அதில் மீசை இல்லை.

மார்ச் 5
ஏன் இல்லை என்பதையும் எழுதிவிடுகிறேன். 1952. கொரியாவில் ஒரு குன்று கைவிட்டுப் போனதும், அமெரிக்காவிலிருந்து வந்த புதுத் தளபதி அமெரிக்கப் படையில் இருந்த எங்கள் புவேர்த்தோ ரிக்கோ ஆட்களுக்கு உத்தரவிட்டார்: ஆண்பிள்ளைகள் என்று நிரூபிக்கும்வரை மீசையை மழியுங்கள். மழித்தார்கள். அந்த வாரம் எடுத்த படம் அது. பிறகு பீரங்கித் துணையில்லாமல் மறுபடி குன்றேற மறுத்ததற்குச் சிறை. பின்னாளில் தண்டனையை ரத்து செய்தார்கள். மீசையைப் பற்றி எவரும் ஒரு வரி எழுதவில்லை.

ஊர் திரும்பியபின் சாகும்வரை அதன்மேல் சவரக்கத்தி பட்டதில்லை. சவப்பெட்டியில் நானே சீவிவிட்டேன்.

மார்ச் 9
குழுத் தலைவர் நெல்சன் இரிசாரி வந்தார். என் காப்பியைக் குடித்துக்கொண்டே சொல்கிறார்:
"எமெரிதா அம்மா, கோவிச்சுக்காதீங்க. அந்தச் சீருடைப் படத்துல கம்ப்யூட்டர்லயே ஒரு மீசை வெச்சிடறோம். யாருக்குத் தெரியப்போகுது?"
"எனக்குத் தெரியும். அப்படியே உங்க தலைக்கும் கொஞ்சம் முடி வெச்சுக்கோங்களேன்."
வழுக்கையைத் தடவிக்கொண்டே போனார். சின்ன வயதில் நான் படித்த கான்வென்ட் சிஸ்டர்கள் இதைக் கேட்டிருந்தால் என்னை முட்டி போட வைத்திருப்பார்கள். வைக்கட்டும்.

மார்ச் 10
என் பிடிவாதத்தால் அவர் சுவரிலேயே இல்லாமல் போயிடுவாரோ? போகட்டும். அந்த மழிச்ச முகத்தை ஊர் பார்க்க விடமாட்டேன் — விடவே மாட்டேன்.

மார்ச் 14
எலாடியோவோடு கொரியாவில் இருந்த டெல்ஃபீன் பகான் தடியூன்றி வந்தார். அவருடைய மழித்த முகம் ஏற்கெனவே சுவரில் ஏறிவிட்டது.
"அன்னைக்கு மழிக்கச் சொன்னப்ப எதிர்த்துப் பேச எனக்கு வாய் வரல, எமெரிதா. இன்னைக்குப் போய், என் படத்தைக் கழட்டுங்கடான்னு சொல்லிட்டேன். எலாடியோ இல்லாத சுவத்துல எனக்கென்ன வேலை?"
அவர் முன் அழவில்லை. போனபின் — சரி, அதை எழுத வேண்டாம்.

மார்ச் 18
டெல்ஃபீன் வீடு வீடாகப் போயிருக்கிறார். இன்னும் ஐந்து குடும்பங்கள் எங்களோடு.

மார்ச் 20
குழுவுக்கு இன்று அனுப்பியதன் நகல்:
ஐயா, ஏழு குடும்பங்களின் சார்பில் ஏழு படங்கள் இணைத்துள்ளேன். எல்லாரும் மீசையோடு இருக்கிறார்கள். ஏறினால் ஏழும் ஏறும். இல்லையென்றால் ஒன்றும் ஏறாது. நேரில் வந்து சமாதானம் பேச வேண்டாம். உங்கள் பதிலை எழுத்தில் அனுப்பவும்.