கம்பியில் தட்டாத கை

பிப்ரவரி 9

அன்புள்ள ஒட்டடைக்குச்சிக்கு,

நலமா என்று கேட்க மாட்டேன். கிளப் ஹாஸ்டலில் எடை பார்த்துச் சாப்பாடு போடுகிறார்களாம், நலமாகத்தான் இருப்பாய். போனை வாங்கிப் பூட்டி வைத்துக்கொண்டு, கொடுக்கும்போதும் யாரோடு பேசினாய் என்று பார்க்கிறார்கள் என்றாயே, அதனால்தான் தையல் மெஷினை ஓரம் தள்ளிவிட்டுப் பேனாவை எடுத்தேன். கையெழுத்தைக் கிண்டல் செய்தால் உதை விழும்.

இங்கே நடப்பது உனக்கு எவ்வளவு தூரம் தெரியும் என்று தெரியவில்லை. பெயின்ட் கம்பெனி முதலாளி நம் கால்பந்து கிளப்பை வாங்கியதும் பெயருக்கு முன்னால் கம்பெனி பெயர் வந்து உட்கார்ந்தது. பிறகு நம் மஞ்சளும் கறுப்பும் போய் அவர்கள் டப்பாவின் ஊதா வந்தது. நம் கேலரியில் மைக் பிடிப்பாரே பஸ் டிரைவர் அண்ணன், அவர் சொன்னார், “சுவத்துக்குத்தான் ரெண்டு கோட்டிங் அடிப்பாங்க. நமக்கும் அடிச்சுட்டாங்க.” அன்றைக்குச் சிரித்தோம்.

போன ஞாயிறு நான் தைத்த பெரிய கொடியை வாசலிலேயே பிடுங்கிக்கொண்டார்கள். கிளப் கடையில் வாங்கிய கொடிக்குத்தான் அனுமதியாம். ஆட்டம் முடிந்து வெளியே வந்தால், காவலாளி அதை வைத்து ஈர நாற்காலிகளைத் துடைத்துக்கொண்டிருக்கிறான். எனக்கு வந்த ஆத்திரத்தில் வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டேன். பாவம், அவன் என்ன செய்வான், அவனும் சம்பளத்துக்கு நிற்கிறவன்.

இதெல்லாம் தூசு. கிளப்பையே வேறு ஊருக்குத் தூக்கிக்கொண்டு போகப் போகிறார்கள். ஒரு பகல் முழுக்க ரயிலில் போகவேண்டிய ஊர். அங்கே கண்ணாடி போட்டுப் புது மைதானம் கட்டியாகிவிட்டது. நம் மைதானத்தை இடித்துவிட்டுக் கடைகள் கட்டுவார்களாம். இதற்கு லீக் குழு அனுமதி தர வேண்டும். ரசிகர்களுக்கு முழுச் சம்மதம், பத்துப் பேர்தான் கத்துகிறார்கள் என்று முதலாளி எழுதிக் கொடுத்திருக்கிறார். அது உண்மையா என்று பார்க்க, மார்ச் பதினைந்தாம் தேதி கடைசி ஆட்டத்துக்குக் குழுவினர் நேரில் வருகிறார்கள்.

அதனால் முடிவு செய்துவிட்டோம். அணி உள்ளே வரும்போது வடக்கு கேலரி மொத்தமும் மைதானத்துக்கு முதுகைக் காட்டி நிற்கும். ஆட்டம் முடியும்வரை ஒருவரும் திரும்ப மாட்டோம். பாட்டு இல்லை, கைதட்டல் இல்லை, டிரம் இல்லை. அப்பா அடித்த அதே டிரம்மின் மேல் கை வைத்துத்தான் எல்லோரும் சத்தியம் செய்தார்கள். முதல் கை என்னுடையது.

நீ அந்தப் பக்கம் இருக்கிறாய் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. எப்படியும் பெஞ்சில்தானே உட்காரப்போகிறாய், என் முதுகைப் பார்த்துக்கொண்டிரு.

அன்புடன்,
டிரம்மக்கா

பிப்ரவரி 20

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் கிடைத்தது. மறுநாள் பயிற்சியில் எங்கள் முதல் கீப்பர் கோல் கம்பத்தில் மோதி விரலை முறித்துக்கொண்டார். இந்த சீசனில் இனி அவரால் முடியாது. கோச் என்னைக் கூப்பிட்டு, “பதினஞ்சாம் தேதி நீதான்” என்றார். கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

எத்தனை வருடமாகப் பெஞ்சில் உட்கார்ந்து அந்தக் கம்பியையே பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று உனக்குத் தெரியும். கீப்பர் வடக்கு கேலரியை நோக்கி ஓடி வருவான். நீ டிரம்மில் மூன்று அடி அடிப்பாய். அவன் கேலரிக்கு முன்னால் இருக்கும் இரும்புக் கம்பியில் உள்ளங்கையால் ஓங்கி ஒரு தட்டு தட்டிப் பதில் சொல்வான். அப்புறம்தான் ஆட்டம். உனக்கே இதை விளக்கிக்கொண்டிருக்கிறேன் பார், புத்தி பேதலித்துப் போய்க் கிடக்கிறேன்.

சின்ன வயதில் நீ துணி வெட்டும் மேஜையில் மூன்று தட்டு தட்டுவாய், நான் ஓடிப் போய் ஜன்னல் கம்பியில் அறைவேன். மாடி வீட்டுக்காரர் வந்து சண்டை போடும்வரை நிறுத்த மாட்டோம். அப்போதே நீ சொன்னாய், “உனக்கு நான்தான்டா அடிப்பேன்” என்று.

நீங்கள் திரும்பி நில்லுங்கள். நியாயம் உங்கள் பக்கம்தான், எனக்கும் வயிறு எரிகிறது. ஆனால் ஒப்பந்தப்படி கிளப் எங்கே போகிறதோ நானும் அங்கே போக வேண்டும். அனுமதி கிடைத்துவிட்டால் எனக்கு அந்தக் கம்பி அன்றைக்கு ஒரு நாள்தான். முகத்தைக்கூடக் காட்ட வேண்டாம் அக்கா. முதுகைக் காட்டிக்கொண்டே மூன்று அடி அடி. அது போதும்.

உன்,
ஒட்டடைக்குச்சி

பிப்ரவரி 27

என் செல்லத் தம்பிக்கு,

உன் கடிதம் வந்த அன்று ஒரு சட்டைக்குக் கையைத் தலைகீழாக வைத்துத் தைத்துவிட்டேன். இத்தனை வருடத்தில் இப்படிச் செய்ததே இல்லை. உனக்கு வாய்ப்பு கிடைத்ததற்குச் சந்தோஷப்படுவதா, அது அந்த நாளாகப் பார்த்து வந்ததற்கு அழுவதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தேன்.

ஆனால் முடியாதுடா. மூன்று அடிதானே என்கிறாய். அந்தச் சத்தம் கேட்டுக் கேட்டு ஊறிப்போன கூட்டம் அது. டிரம் விழுந்தால் அவர்கள் கழுத்து தானாகத் திரும்பும். யாரும் யோசித்துத் திரும்ப மாட்டார்கள், கொட்டாவி மாதிரி அது. கேமரா அத்தனை பேர் முகத்தையும் பிடித்துக்கொள்ளும். முதலாளிக்கு வேறென்ன வேண்டும்? என் டிரம்மின் மேல் சத்தியம் வாங்கிவிட்டு நானே எப்படி அடிப்பேன்?

ஒரே ஒரு உதவி செய். அன்றைக்குக் கம்பிக்கு வராதே. நேராகக் கோலுக்குப் போய்விடு. நீ பக்கத்தில் வந்து நின்றால் என் கை என் பேச்சைக் கேட்காது. உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன், வராதே.

அக்கா

மார்ச் 5

அக்கா,

வருவேன். நீ அடி, அடிக்காமல் போ, அது உன் இஷ்டம். நான் கம்பிக்கு வந்து தட்டத்தான் போகிறேன்.

நீ யாருக்கு அக்கா? எனக்கா, அந்த நாலாயிரம் பேருக்கா? அதை மட்டும் யோசித்து வை.

தம்பி

மார்ச் 16

டேய்,

ஏன்டா வரவில்லை?

வருவேன் என்று எழுதினாயே. அந்தக் கடிதத்தை ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டுதான் போனேன். கம்பி ஓரமாக, என் வழக்கமான இடத்தில், டிரம்மைப் பக்கத்தில் வைத்துவிட்டுத் திரும்பி நின்றேன். எனக்கு முன்னால் படிப்படியாக அத்தனை பேரின் பின்மண்டை. ஒருவர் இருமினால்கூடக் கேட்கும். என் பக்கத்தில் டிரைவர் அண்ணன் கண்ணீர் விட்டுக்கொண்டு நின்றார். அவ்வளவு அழகாக நடந்துகொண்டிருந்தது. மேலே கண்ணாடி அறையில் லீக் குழு உட்கார்ந்து பார்க்கிறது.

ஒலிபெருக்கியில் உன் பெயரைச் சொன்னார்கள். என் முதுகு முழுக்கக் காதாகிவிட்டது. இதோ ஓடி வருகிறான், இதோ வந்துவிட்டான், தனியாக நிற்கிறான், ஒருவரும் அவனைப் பார்க்கவில்லை என்று நெஞ்சு பதறியது. கை டிரம் குச்சியை எடுத்துவிட்டது. ஒன்று அடித்தேன். இரண்டு அடித்தேன். மூன்றாவதற்குக் கொஞ்சம் தயங்கினேன். அதையும் அடித்தேன்.

கம்பியில் உன் கை விழும் என்று காத்திருந்தேன். விழவே இல்லை.

நான் சொன்னதுதான் நடந்தது. முன்வரிசை திரும்பியது, பிறகு அதற்கு மேல் வரிசை, பிறகு எல்லோரும். சத்தியம் மறந்து சிலர் கைகூடத் தட்டிவிட்டார்கள். டிரைவர் அண்ணன் என்னைத் திட்டவில்லை. “ஏம்மா?” என்று மட்டும் கேட்டார். அதற்குப் பிறகு நானும் திரும்பினேன். நீ எதிர்ப்பக்கக் கோலைப் பார்த்து நடந்துகொண்டிருந்தாய். உன் முதுகைத்தான் பார்த்தேன்.

என் தலையில் நானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டேன். நீ தட்டியிருந்தாலாவது தம்பிக்காக அடித்தேன் என்று சொல்லிக்கொள்வேன். இப்போது யாருக்காக அடித்தேன் என்று சொல்வது?

அக்கா

மார்ச் 21

அன்புள்ள அக்கா,

நீதானே வராதே என்றாய்.

தட்டத்தான் போகிறேன் என்று கோபத்தில் எழுதிவிட்டேன். வரத்தான் வந்தேன். பெனால்டி புள்ளி வரைக்கும் ஓடி வந்தேன். அத்தனை முதுகுகளில் உன் முதுகு எனக்கு உடனே தெரிந்துவிட்டது. மெஷினில் உட்கார்ந்து உட்கார்ந்து உன் இடது தோள் கொஞ்சம் இறங்கியிருக்கும், அதைப் பார்த்தேன். அந்தத் தோள் நடுங்கிக்கொண்டிருந்தது. இவளை இதற்கு மேல் சோதிக்கக்கூடாது, ஒரு கம்பிக்காக இவள் மானத்தை வாங்கக்கூடாது என்று தோன்றியது. சத்தமில்லாமல் திரும்பிவிட்டேன். என் வாழ்க்கையிலேயே பெரிய காரியம் செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டு நடந்தேன்.

அப்போதுதான் முதல் அடி விழுந்தது. கால் தரையில் ஒட்டிக்கொண்டது. ஓடி வந்து தட்டிவிடலாமா என்று யோசிப்பதற்குள் மூன்றும் முடிந்துவிட்டது, எல்லா முகமும் திரும்பிவிட்டது, கேமராக்காரர்கள் கம்பியை மறித்துக்கொண்டார்கள். இரண்டு கோல் விட்டேன். அதைப் பற்றி யாரும் பேசவில்லை, நானும் கவலைப்படவில்லை.

உனக்காகத்தான் வரவில்லை அக்கா. இதை நம்பு.

உன்,
ஒட்டடைக்குச்சி

ஏப்ரல் 4

தம்பிக்கு,

நம்புகிறேன். அதுதான் தாங்க முடியவில்லை. நீ கெட்டவனாக இருந்திருந்தால் உன்னைத் திட்டியாவது தீர்த்திருப்பேன்.

அனுமதி கொடுத்துவிட்டார்கள். முதலாளி டிவியில் வந்தார். என் மூன்று அடியைப் போட்டு, திரும்பிய முகங்களைப் போட்டு, ரசிகர்கள் மேளம் அடித்து வாழ்த்தி வழியனுப்புகிறார்கள், நன்றி என்று கும்பிட்டார். கடையில் அந்தச் செய்தி ஓடும்போது ஜாக்கெட் அளவு கொடுக்க வந்த அம்மா, நம் கேலரிக்காரர்தான், தைக்காத துணியைத் திரும்ப வாங்கிக்கொண்டார். “அவசரமில்ல, அப்புறம் பாத்துக்கலாம்” என்றார். எதிரே வந்தால் டிரைவர் அண்ணன் தெருவைக் கடந்து அந்தப் பக்கம் போய்விடுகிறார். நான் கூப்பிடுவதில்லை, என்ன முகத்தோடு கூப்பிடுவது?

டிரம்மைப் பழைய இரும்புக் கடையில் கொடுத்துவிட்டேன். வீட்டில் வைத்துக்கொள்ள முடியவில்லை.

உன் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் உன் கையெழுத்தைப் பார்த்தாலே நான் காத்திருந்த அந்த நிமிடம் வந்துவிடுகிறது. கொஞ்ச நாள் எழுதாதே. புது ஊரில் உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா

செப்டம்பர் 18

அன்புள்ள அக்கா,

இங்கே வந்து நான் போட்ட இரண்டு கடிதத்துக்கும் பதில் இல்லை. எழுதாதே என்றாய், நான்தான் கேட்கவில்லை. இதையாவது முழுக்கப் படி.

போன வாரம் புது மைதானத்தில் முதல் ஆட்டம். இப்போது நான்தான் முதல் கீப்பர். நாற்காலி எல்லாம் ஊதா. கம்பி கிடையாது, இடுப்பு உயரத்துக்குக் கண்ணாடிதான். வழக்கம் விடவில்லை, நேராகக் கேலரியைப் பார்த்து ஓடினேன். திடீரென்று கூரையில் இருக்கிற ஸ்பீக்கரிலிருந்து டிரம் விழுந்தது. ஒன்று, இரண்டு, அப்புறம் ஒரு தயக்கம், மூன்று. உன் அடி அக்கா. அந்தத் தயக்கம் எனக்குத் தெரியாதா? அன்றைக்குப் பதிவு செய்ததை எடுத்துவைத்துப் போடுகிறார்கள். கம்பெனி விளம்பரத்திலும் அதுதானாம். அந்தச் சத்தத்தைக் கிளப் பெயரில் பதிவு செய்துவிட்டார்களாம், வேறு யாரும் உபயோகிக்கக்கூடாதாம்.

அதோடு விட்டிருந்தால் பொறுத்துக்கொண்டிருப்பேன். மூன்றாவது அடிக்குப் பிறகு கணீரென்று ஒரு சத்தம் வந்தது, கம்பியில் கை விழுகிற சத்தம். நான் எதையும் தொடவில்லை. வெறும் கையோடு நின்றேன். கூட்டம் எழுந்து ஆர்ப்பரிக்கிறது. பிறகு மைக் அறைக்காரரிடம் போய்க் கேட்டேன். “கம்ப்யூட்டர்ல செஞ்சது தம்பி. பழைய ரெக்கார்டுல அந்த இடம் காலியா இருந்துச்சு, நிரப்பிட்டோம். நல்லா இருக்குல்ல?” என்றார்.

என்ன சொல்வேன்? நல்லா இருக்கு என்று சொல்லிவிட்டு வந்தேன். ஒவ்வொரு ஆட்டத்திலும் நீ அடிப்பாய், யாரோ பதில் சொல்லுவான், நான் நடுவில் நிற்பேன். இப்படியே காலம் தள்ள என்னால் முடியாது அக்கா.

அடுத்த மாதம் மூன்று நாள் விடுமுறை. ஆறாம் தேதி காலை அங்கே வந்து சேரும் ரயிலில் வருகிறேன். கடைக்குள் வர மாட்டேன், தெருப்பக்கம் ஜன்னலுக்கு வெளியே நிற்பேன். டிரம் இல்லாவிட்டால் போகட்டும், துணி வெட்டும் மேஜை இருக்கிறது. என் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லையென்றால் திரும்பி உட்கார்ந்துகொண்டே தட்டு. மூன்று தட்டினால் போதும், ஜன்னல் கம்பியில் நான் தட்டுகிறேன்.

நீ தட்டவில்லையென்றால் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, மதிய ரயிலுக்குக் கிளம்பிவிடுகிறேன்.

உன்,
ஒட்டடைக்குச்சி