முப்பத்தேழு பேரிடம் கேட்க வேண்டிய மன்னிப்பு

மே 11, செவ்வாய்

கேஸ் சிலிண்டர் பத்து மணிக்குத்தான் வந்தது. அதுவரை காலி சோடா பாட்டில்களோடு ஒன்பது பேர் கடை வாசலில் நின்று என்னைத் திட்டித் தீர்த்தார்கள். ஒரு குழாய்க்கு ரப்பர் மாற்ற வேண்டும்.

எனக்குப் பள்ளிக்கூடம் கிடையாது. எழுத்தெல்லாம் நாற்பது வயதில் என் மனைவி ரெவெக்கா சொல்லிக்கொடுத்தது. அவள் போய் மூன்று வருஷம் ஆகிறது. அவளிடம் சொல்ல வேண்டியதை இதில் எழுதுகிறேன். ஒரு பக்கத்துக்கு ஒரு மணி நேரம் பிடிக்கிறது. பிடிக்கட்டும்.

கடைசியாக வந்தது ஸ்பிரிடோன் அண்ணன். பக்கத்துத் தெரு, செருப்புத் தைப்பவர், என்னைவிட எட்டு வயது மூத்தவர். தினம் இரண்டு பாட்டில்.

"ஃப்ரோயிம், டிவி பாத்தியா? உங்காளுங்க கணக்கு சரியில்லையாம். அமைச்சர் சொல்றாரு."

"எந்தக் கணக்குண்ணே?"

"செத்த கணக்கு."

சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

மே 12, புதன்

மதியம் கிஸெல்லா வீட்டுக்குப் போய் டிவியில் பார்த்தேன். எங்கள் ஜெபஆலயத்தின் செயலாளர் அவள்தான். ஊரில் மிச்சம் இருக்கும் யூதர்களில் கண்ணாடி போட்டால் நன்றாகப் படிக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்தி.

ஏதோ தேர்தல் கூட்டம். அமைச்சர் சிரித்துக்கொண்டே பேசுகிறார். "சண்டை நடந்த காலத்தில் எல்லாரும்தான் செத்தார்கள். இவர்களுக்கு மட்டும் கணக்கைப் பெருக்கத் தெரியும், வியாபாரிகள் அல்லவா? வலேனியில் முப்பத்தேழு பேர் என்கிறார்கள். எங்கே பட்டியல்? ஒரு பெயரைக் காட்டுங்கள் பார்ப்போம்." கூட்டம் கை தட்டுகிறது. நம் வலேனியைச் சொல்லித்தான் கை தட்டுகிறார்கள்!

பட்டியல் வேண்டுமாம். எழுதி வைப்பது யார்? எழுதத் தெரிந்தவர்கள் எல்லாரும் அன்று கொன்று மூடிய அந்தக் குழிக்குள் இருக்கிறார்கள். வெளியே நின்றவன் எட்டு வயது, எழுத்தறியாதவன் — நான்.

ஆனால் என்னிடம் பட்டியல் இருக்கிறது. சந்தையில் வரிசையாக நிற்க வைத்தார்களே, அந்த வரிசை அப்படியே இருக்கிறது. முதலில் ரொட்டிக்கடை மென்டெல். இரண்டாவது அவர் மனைவி ஸுரா. இருபத்தாறாவது என் அப்பா லெய்பா. இருபத்தேழு அக்கா பெய்லா, பதினோரு வயது. இருபத்தெட்டாவது நான். அப்பாதான் கேட்டார், காவல்காரனிடம் — பெண் மயங்குறா, பையன் கிணத்துல தண்ணி எடுத்துட்டு வரட்டும். போடா என்றான் அவன். வாளியோடு திரும்பினேன். சந்தையில் யாரும் இல்லை.

அறுபத்து மூன்று வருஷம். ஒரு பெயர் மாறியதில்லை.

மே 14, வெள்ளி

பொழுது சாய்வதற்குள் எழுதி முடிக்க வேண்டும், ஓய்வுநாள் தொடங்கிவிடும்.

உலகமே எங்களுக்காகக் கொதிக்கிறதாம். கிஸெல்லா செய்தித்தாளைப் படித்தாள். கடல் தாண்டிய பெரிய நாடு "ஆழ்ந்த கவலை" தெரிவித்திருக்கிறது. இன்னொரு நாடு "ஏற்க முடியாதது" என்கிறது. மூன்றாவது நாடு எங்கள் தூதரை வரவழைத்து நிற்க வைத்தே பேசி அனுப்பியதாம். ஐரோப்பாவின் பெரிய சபையில் தீர்மானம் வரப்போகிறதாம்.

"சந்தோஷமா இல்லையா அண்ணே?" என்றாள்.

"வலேனின்னு எங்கயாவது போட்டிருக்கா?"

திரும்பத் தேடினாள். "இல்ல. 'இத்தகைய கருத்துகள்'னு போட்டிருக்கு."

"முப்பத்தேழுன்னு?"

"அதுவும் இல்ல."

பின்னே எதுக்கு இந்தக் கவலை? யாருக்காக?

மே 18, செவ்வாய்

"யாராவது புண்பட்டிருந்தால்" அமைச்சர் வருந்துகிறாராம். யாராவது! தெருவில் காலை மிதித்தவன்கூட யார் காலை மிதித்தோம் என்று பார்த்துத்தான் மன்னிப்புக் கேட்பான்.

மே 24, திங்கள்

தலைநகர் புகாரெஸ்டிலிருந்து லெய்போவிச் வந்தார். நாடு முழுக்க உள்ள யூதர்களுக்குத் தலைவர் என்று சொல்லிக்கொள்பவர், ஐம்பது வயது இருக்கும், நல்ல கோட்டு. என் கடை ஸ்டூலில் உட்கார்ந்து சோடா வாங்கிக் குடித்தார்.

விஷயம் இதுதான். வெளிநாடுகள் விடுவதாயில்லை. அமைச்சர் எல்லாத் தூதரிடமும் மன்னிப்புக் கேட்டுவிட்டார். ஒரு தூதர் வீட்டில் தேநீரே கொடுத்தார்களாம். இனி ஒன்று பாக்கி: வலேனிக்கு வந்து குழிக்கு முன்னால் நிற்பது. அங்கே அன்றைய வரிசையில் நின்ற ஆள் ஒருவர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினால் விஷயம் முடிந்தது.

"அந்த ஆளு நான்தானா?"

"வேற யார் இருக்கா பெரியவரே? நீங்க ஒருத்தர்தானே?"

"குலுக்கலேன்னா?"

"அவரு கட்சி நாளைக்கும் ஆட்சிலதான் இருக்கும். தூதருங்க மாறிடுவாங்க, நாம இங்கதான இருக்கணும்? கோபம் நம்ம மேலதான் திரும்பும். கொஞ்சம் யோசிங்க."

அவர் சொல்வதும் பொய்யில்லை. அதனால்தான் இன்னும் எரிகிறது. எங்களைத் திட்டியவனுக்கு மூச்சு முட்டினால் நாங்களே போய் விசிற வேண்டும்!

சொன்னேன். "தம்பி, செத்தவங்களைப் பேசினவன் செத்தவங்ககிட்டதான் கேக்கணும். நம்ம ஆம்பளைங்க பத்து பேரைக் கூட்டிட்டுக் குழிக்கு முன்னால வந்து, பேரைச் சொல்லி, இன்னது செஞ்சேன், தப்புன்னு சொல்லணும். என்கிட்ட எதுக்கு? நான்தான் உயிரோட இருக்கேனே."

"இது எந்தப் புத்தகத்துல படிச்சீங்க?"

"படிக்கல. பாத்தேன்."

பார்த்தேன்தான். எனக்கு ஆறு வயது. குதிரை வியாபாரி புராஹ், செத்துப்போன மாவுமில்காரரைத் திருடன் என்று சந்தையில் சொல்லிவிட்டான். கணக்கு அவனுடைய தப்பு என்று பிறகு தெரிந்தது. மார்கழிக் குளிரில் பத்து ஆண்களைக் கூட்டிக்கொண்டு போய், பூட்ஸைக் கழற்றிவிட்டுப் பனியில் நின்று, கல்லறைக் கல்லைப் பார்த்துச் சொன்னான். அப்பா பத்தில் ஒருவர், நான் மதில் மேல். அவ்வளவு பெரிய ஆள் அழுததை அன்றுதான் பார்த்தேன்.

லெய்போவிச் பாட்டிலைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். "கேட்டுப் பாக்கறேன்" என்றார்.

ஜூன் 2, புதன்

அமைச்சர் அலுவலகத்திலிருந்து ஒரு அதிகாரி வந்தான். கையில் கோப்பு, நெற்றியெல்லாம் வியர்வை.

"பெயர்களைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்?"

"நான் சொல்லச் சொல்ல அவர் திருப்பிச் சொல்லணும். நாலு நிமிஷம்."

"ரெண்டு நிமிஷம்னு போட்டுக்கறேன். பத்து பேர்?"

"இந்த ஊர்ல எங்க ஆம்பளைங்க என்னோட சேத்து ஆறு பேருதான்."

"மீதியை நாங்க ஏற்பாடு பண்றோம்."

போய்விட்டான். எனக்கே ஆச்சரியம், நம்பிவிட்டேன். கடையில் சோடா அடித்துக்கொண்டே வரிசையைச் சொல்லிப் பார்க்கிறேன். நாலு நிமிஷம் பத்து விநாடி.

ஸ்பிரிடோன் அண்ணன் ஒரு வாரமாக வரவில்லை. காய்ச்சல் என்றார்கள்.

ஜூன் 9, புதன்

நாளை வருகிறார். வெள்ளைச் சட்டையைத் தேய்த்து மாட்டியிருக்கிறேன். ரெவெக்கா, நாளைக்கு அவர்கள் பெயரை ஓர் அமைச்சர் வாயால் கேட்கப்போகிறேன்.

ஜூன் 10, வியாழன்

இன்று எழுதியே ஆக வேண்டும். எழுத்து கோணலாக வரும். வரட்டும்.

நாற்பது நிமிஷம் தாமதம். பதினான்கு கார். குழி இருக்கும் கல்லறைத் தோட்டத்தின் புல்லை நேற்றே வெட்டி வைத்திருக்கிறார்கள். இத்தனை வருஷமாக நான் மனுக் கொடுத்தும் வெட்டாத புல்.

எண்ணினேன். எங்களில் ஆறு பேர். பக்கத்தில் நாலு பேர், கழுத்தே இல்லாத தடியன்கள், காதில் ஒயர், தலையில் எங்கள் ஜெபத்தொப்பி மாதிரி காகிதத் தொப்பி.

"இவங்க யாரு?"

"பத்து கேட்டீங்களே ஐயா. நாலு குறைஞ்சுது, சேத்துட்டோம்" என்றான் அதிகாரி. உண்மையாகவே உபகாரம் செய்த முகம். அந்த நாலில் ஒருவன் குழியைப் பார்த்ததும் பயபக்தியோடு சிலுவை போட்டுக்கொண்டான். பாவம், அவன்தான் அங்கே வந்தவர்களில் மரியாதை தெரிந்தவன். மெய்க்காவலனுக்குத் தொப்பி மாட்டினால் பத்து ஆகிவிடுமா? பத்து என்றால் நாற்காலிக் கணக்கு என்று நினைத்தானா?

அமைச்சர் வந்தார். கேமராக்கள் வாசல் பக்கம் இருந்தன. அதனால் அவர் குழிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். ஒரு தாளை எடுத்துப் படித்தார். "வெளிநாட்டு நண்பர்களின் மனவருத்தத்தை நான் உணர்கிறேன்..." தூதர்கள் ஐந்து பேர் தலையாட்டினார்கள். ஒரு பெயர் இல்லை.

நான் பக்கத்தில் போய்ச் சொன்னேன், மெதுவாகத்தான்: "ஐயா, அவங்க உங்க பின்னால இருக்காங்க."

அவருக்குப் புரியவில்லை. சிரித்துக்கொண்டு கையை நீட்டினார். முன்னூறு படம் எடுத்திருப்பார்கள். நான் இரண்டு கையையும் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டேன். அதிகாரி என் முழங்கையைப் பிடித்து இழுத்தான். எழுபத்தொரு வயசுக் கிழவன் கைய இழுக்கிறான், எங்க அப்பன் குழி முன்னால!

"மென்டெல்" என்றேன். திருப்பிச் சொல்வார் என்று ஒரு மூச்சு காத்திருந்தேன். சொல்லவில்லை. "ஸுரா" என்றேன். மைக்கை யாரோ அணைத்தார்கள். நான் நிறுத்தவில்லை. பதினொன்றாவது பெயர் வரும்போது கார் கதவுகள் சாத்துகிற சத்தம். மதிய விருந்துக்கு நேரமாகிவிட்டதாம். லெய்போவிச் தரையைப் பார்த்துக்கொண்டே அவர்களோடு போனார்.

அப்பாவும் பெய்லாவும் இருபத்தாறு, இருபத்தேழு. அவ்வளவு தூரம் போகவே இல்லை. பாதியில் நின்ற வாயை அதற்கு மேல் திறக்க முடியவில்லை. கார் புகை போனதும் வேலிக்கு வெளியே பார்த்தேன், ஸ்பிரிடோன் அண்ணன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். கூப்பிட்டேன். திரும்பி நடந்துவிட்டார்.

ஜூன் 11, வெள்ளி

செய்தித்தாளில் தலைப்பு: "வலேனி முதியவர் மன்னிப்பை ஏற்றார்." படத்தில் என் தோள் மட்டும் தெரிகிறது, அமைச்சரின் நீட்டிய கை தெரிகிறது, மீதியை வெட்டிவிட்டார்கள்.

ஐந்து நாடுகளும் வரவேற்றிருக்கின்றன. "முக்கியமான முதல் அடி." பெரிய சபையில் தீர்மானம் கைவிடப்பட்டது.

யார்யா ஏத்துக்கிட்டது? எவன்யா ஏத்துக்கிட்டது?

ஜூன் 16, புதன்

கிஸெல்லா எழுதித் தருகிறேன் என்றாள். வேண்டாம் என்றேன். என் கையாலேயே ஐந்து தூதரகத்துக்கும் எழுதினேன், ஒவ்வொன்றும் ஒரே நாலு வரி. "நான் கை கொடுக்கவில்லை. அவர் எங்கள் ஆட்களிடம் கேட்கவில்லை. உங்களிடம்தான் கேட்டார். நீங்கள் ஏற்றுக்கொண்டது உங்களுக்கானது. — ஃப்ரோயிம், சோடாக்காரன், வலேனி." முழுப் பகல் போய்விட்டது. கடை மூடிக்கிடந்தது.

ஜூன் 29, செவ்வாய்

ஒரு பதில் வந்தது. நல்ல கெட்டித் தாள். "தங்கள் கடிதம் கிடைத்தது." மற்ற நாலு பேருக்கு அது கிடைத்ததா என்றுகூடத் தெரியாது.

ஜூலை 4, ஞாயிறு

காலையில் ஸ்பிரிடோன் அண்ணன் வந்தார். பாட்டில் இல்லை. ஸ்டூலில் உட்காரவும் இல்லை.

"அன்னிக்குப் பதினொண்ணுல நிறுத்திட்டே."

"ஆமா."

"பன்னெண்டாவது யாரு?"

"தொப்பிக்கடை நூஹம்."

தலையாட்டினார். பிறகு குழாயைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"எனக்குப் பதினாறு வயசு. குழி மூட எங்களைக் கூப்பிட்டாங்க. எனக்குச் செருப்பு கிடையாது. நூஹம் பூட்ஸு புதுசு. கழட்டிக்கிட்டேன். மூணு குளிர்காலம் போட்டேன். அதைப் பிரிச்சுப் பாத்துத்தான்டா நான் தொழிலே கத்துக்கிட்டேன்."

நாற்பது வருஷம் இந்தக் கடையில் தினம் நின்ற மனிதர். என் ரெவெக்காவின் சவப்பெட்டியைத் தோளில் தூக்கியவர். வெளியே போ என்று சொல்ல வாய் வந்தது. பாட்டிலை எடுத்து எறியக்கூடக் கை போனது.

"டிவில அவன் 'ஒரு பேரைக் காட்டு'ன்னான். எனக்கு ஒரு பேரு தெரியும் ஃப்ரோயிம். வாயத் தொறக்கல. உன்கிட்ட வந்து கேலியாப் பேசிட்டுப் போனேன்."

"என்கிட்ட எதுக்குச் சொல்றே?"

"உன்கிட்ட இல்ல. எத்தனை பேரு வேணும்னு கேக்க வந்தேன்."

ஜூலை 5, திங்கள்

லெய்போவிச்சுக்குப் போன் போட்டேன். "நாலு ஆம்பளை வேணும். நம்மாளுங்க. கேமரா வேண்டாம்."

எதற்கு என்று சொன்னேன்.

"மூணு பேரைக் கூட்டிட்டு வர்றேன் பெரியவரே. நாலாவது நான்."

ஜூலை 6, செவ்வாய்

பத்து பேர். கிஸெல்லா வாசலில் நின்றாள். மழைத் தூறல்.

யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, அண்ணன் தானாகவே செருப்பைக் கழற்றினார். எழுபத்தொன்பது வயதுக் கால், நரம்பு நரம்பாக. குழியைப் பார்த்து நின்றார். "நூஹம்" என்றார். மேலே வரவில்லை. இரண்டாவது முறை, "நூஹம், உன் பூட்ஸை நான்தான் எடுத்தேன். நீ செத்தது எனக்குத் தெரியும், தெரியாத மாதிரி இருந்தேன். தப்பு." அவ்வளவுதான். பத்து பேரும் கேட்டார்கள்.

அதற்குப் பிறகு நான் மென்டெலிலிருந்து ஆரம்பித்தேன். லெய்போவிச் ஒவ்வொரு பெயரையும் திருப்பிச் சொன்னார். இருபத்தேழில் என் குரல் நின்றது. அவர் காத்திருந்தார். பிறகு சொன்னேன்.

மன்னித்தாயா என்று அண்ணன் என்னைக் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அது நூஹமுடைய விஷயம்.

ஜூலை 8, வியாழன்

அண்ணன் இரண்டு பாட்டில் கொண்டுவந்தார். நிரப்பிக் கொடுத்தேன்.

ஒருவரிடம் கேட்டாகிவிட்டது. முப்பத்தாறு பேர் மிச்சம். அமைச்சருக்கு வழி தெரியும், ஒருமுறை வந்திருக்கிறார்.