பின்னால் போகும் கடிகாரம்

அன்புள்ள அம்மாவுக்கு, மகள் தங்கமணி வணங்கி எழுதுவது. நான் நலம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா?

உங்கள் மருமகன் போனதிலிருந்து, நான் இட்லிக்கடை திறக்குமுன்பே கடைக்கு எதிரே க்யிம்யிண்டைங் படகுத்துறையில் முதல் படகு போய்விடுகிறது. இட்லி மிஞ்சுகிறது. வேலைக்கு வரும் சத்யபாமா, தான் தாமதமாக வருவதை மறைக்கக் கடைக் கடிகாரத்தைத் திருப்பி வைக்கிறாள் என்று நினைத்தேன். மூன்று நாள் அவள் கையையே பார்த்திருந்துவிட்டுக் கேட்டும்விட்டேன்.

"நல்லாருக்குக்கா! என்னையப் பார்த்தீங்க, கடியாரத்தைப் பார்த்தீங்களா? அது மெதுவா ஓடிப் பின்னாடிதான் போகும். அண்ணன்தான் தினம் வந்ததும் முள்ளை முன்னாடி தள்ளி வைப்பாரு."

பதினோரு வருஷம் ஒரே கடையில் இருந்தும் எனக்குத் தெரியவில்லை, அம்மா.

கருமாதியன்று அவர் கைக்கடிகாரத்தை எடுத்துப்போனீர்களே, அதை உங்கள் ஊரிலிருந்து வரும் கியாக்தான் பஸ்ஸில் கொடுத்தனுப்புங்கள். ஓடாவிட்டாலும் பரவாயில்லை. மாவு பொங்குகிறது, எழுந்திருக்கிறேன்.

தங்கமணி