அலமாரிக் கதவின் உட்பக்கம்

ஜூன் 3, செவ்வாய்

மழை. வேலை பார்க்கும் கடையில் நாலே பேருக்குத்தான் மூக்குக்கண்ணாடி மாட்டிவிட்டேன். அதிலும் ஒரு அம்மாள் பக்கத்தில் இருந்தவருடைய கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒன்றுமே தெரியவில்லை என்று சண்டை.

வீட்டில் அவர் ஹாலில், நான் அடுப்படியில். சாப்பாடு வைத்தாயிற்று என்பதைத் தட்டின் சத்தம்தான் அவருக்குச் சொல்கிறது. ஏழு மாதமாக இப்படி.

ஜூன் 7, சனி

இன்று கேட்டேவிட்டேன். அலமாரியை யாரிடம் விற்றீர்கள்?

பழைய அச்சகக் கட்டடத்தில் இருக்கும் பழஞ்சாமான் கடைக்கு என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் தங்கை வீட்டுக்குப் போயிருந்த வாரத்தில், எனக்குத் தெரியாமல் வேனில் ஏற்றி அனுப்பியவர் எப்படிப் பார்ப்பார்?

அந்த அலமாரியின் கதவில்தான் கட்டெறும்பு ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் முதுகை ஒட்டி நிற்பான். கறுப்பு, சுறுசுறுப்பு, சீண்டினால் கடி. என் பிள்ளைக்கு நானே வைத்த பெயர். அவர் பென்சிலால் கோடு போடுவார். இரண்டு வயதிலிருந்து பதினாலு வரை பதின்மூன்று கோடு. பதினைந்துக்கு ஒன்பது நாள் இருக்கும்போது காய்ச்சல் வந்து போய்விட்டான். மூன்றே மாதத்தில் கதவும் போயிற்று.

ஜூன் 8, ஞாயிறு

அந்த அச்சகக் கட்டடத்துக்குப் போனேன். உள்ளே பலகைத் தடுப்பு வைத்து அறுபது கடை. ஒன்றிலும் கடைக்காரர் இல்லை. வாசலில் ஒரே கல்லா, அதில் ஒரு பெண். சாமானில் தொங்கும் அட்டையில் கடை எண் இருக்கிறது. அந்த எண்தான் ஆளுக்கும் பெயர். "இருபத்தொண்ணு ஊர்ல இல்ல. நாப்பது பேரம் பேச மாட்டார்" என்கிறாள்.

யாருடையதோ கல்யாணப் போட்டோ ஒன்று, விலைச்சீட்டோடு. எந்தப் பாவி விற்றானோ என்று பொங்கியது. பிறகு என் வீட்டுப் பாவி ஞாபகம் வந்தார்.

முப்பத்தேழாம் கடையில் எங்கள் அலமாரி இருந்தது. கதவைத் திறந்தேன். பதின்மூன்று கோடும் அப்படியே. ஒன்பதுக்குப் பக்கத்தில் அவன் கோணல் எழுத்து: "அப்பா ஏமாத்துறார். நான் இன்னும் உயரம்." தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

வாங்கிக்கொள்கிறேன் என்றதும் கல்லாப் பெண் கதவின் பிடியில் சிவப்பு நாடா கட்டினாள். கட்டிவிட்டால் வேறு யாரும் வாங்க முடியாது; வேன் வெள்ளிக்கிழமை வரும். இது மேல் என்ன இவ்வளவு ஆசை என்று கேட்டாள். பழசு பிடிக்கும் என்று சொல்லி வைத்தேன். காரணம் தெரிந்தால் தலையில் மிளகாய் அரைப்பார்களே! என் சாமர்த்தியம் யாருக்கு வரும்.

ஜூன் 9, திங்கள்

அவரிடம் சொல்லவில்லை. வரட்டும், பார்க்கட்டும்.

ஜூன் 13, வெள்ளி

வேனோடு முப்பத்தேழே வந்தார். வெள்ளை மீசை, சாதுவான முகம். நாடா கட்டிய சாமானை அழுக்கோடு அனுப்புவதில்லையாம், அது அங்கே வழக்கமாம்.

"உள்பக்கம் பூரா பென்சில் கிறுக்கல்மா. உப்புத்தாள் போட்டுத் தேச்சு, ரெண்டு கை வார்னிஷ் அடிச்சிட்டேன்."

கதவு பளபளவென்று இருந்தது. அதில் என் முகம் தெரிந்தது.

அவரை என்ன சொல்ல? நல்லது செய்ததாக நினைத்துச் சிரித்துக்கொண்டு நிற்கிறார். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே — என் பிள்ளை கோடு, தொடாதீங்கன்னு. சொல்லலையே நான். ஏழு மாசம் இருட்டுல பத்திரமாத்தானே இருந்துச்சு. நான் போய் நாடா கட்டினேன், அழிச்சுட்டாங்க.

சாயங்காலம் என் வீட்டுக்காரர் வந்தார். அலமாரியைப் பார்த்தார். கதவைத் திறந்தார். கோடு இருந்த இடத்தை விரலால் தடவினார்.

ஜூன் 14, சனி

வேலைக்குப் போகவில்லை.

ஜூன் 15, ஞாயிறு

காலையில் பென்சிலும் உப்புத்தாளும் கொண்டுவந்தார். வார்னிஷில் பென்சில் வழுக்கும் என்று லேசாகத் தேய்த்தார். பிறகு கதவில் முதுகை ஒட்டி நின்றுகொண்டு, கோடு போடு என்றார்.

"ரெண்டு வயசு, இந்தப் பேன்ட் பாக்கெட். அஞ்சு, பெல்ட்டுக்கு மேல நாலு விரல். ஒன்பது, சட்டைப் பாக்கெட்டுக்குச் சரியா."

ஒன்றுவிடாமல் சொன்னார். விரல் வைத்த இடத்திலெல்லாம் கோடு போட்டேன். பதினாலு, காது மடல். இந்த மனுஷனா பிள்ளையை மறக்கத் துடிக்கிறார் என்று நினைத்தேன்? ஏன் விற்றீர்கள் என்று கேட்டேன்.

"கதவத் திறந்தா என் மேல சாஞ்சு நிக்கிற மாதிரியே இருந்துச்சு. தாங்க முடியல."

இருவரும் அழுதோம். சேர்ந்து அழுதது இதுதான் முதல் தடவை.

ஒன்பதுக்குப் பக்கத்தில் அவன் எழுதியதை என் கையால் எழுதினேன். அவர் அதைப் படித்தார்.

"அந்தக் கோட்ட அழிச்சிட்டு ஒரு விரல் மேல போடு" என்றார். "அடுத்த வருஷம் நிறைய வளந்த மாதிரி தெரியட்டுமேன்னு, அன்னிக்கு ஒரு விரல் கீழ போட்டு ஏமாத்தத்தான் செஞ்சேன்."

அழித்துவிட்டு ஒரு விரல் மேலே போட்டேன்.